காம்பவுண்டு சுவர்ல போஸ்டர், எழுத்து, ஸ்ப்ரே கிறுக்கல்: அழிக்கிறதுல ஆரம்பிச்சு திரும்ப வராம பாத்துக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

எங்க பிளாட் சென்னைல ஒரு கார்னர் மனை. காம்பவுண்டு சுவர் 80 அடி நீளம், 5 அடி உயரம், எதிர்லயே பஸ் ஸ்டாப். இதுக்கு மேல சொல்லவே வேணாம். போர்வெல் நம்பர், மூலம் பவுத்திரம், கண்ணீர் அஞ்சலி, கட்சி ரிசர்வ், யாரோ யாருக்கோ ஸ்ப்ரேல எழுதின ஹார்ட்டு, எல்லாத்தையும் பாத்தாச்சு. அசோசியேஷன்ல இந்த வேலை என் தலைல விழுந்து நாலு வருஷம் ஆகுது, இப்ப பக்கத்து தெருக்காரங்களும் கூப்பிட்டு கேக்கறாங்க, அவங்க பண்ற தப்பெல்லாம் நான் முதல் வருஷம் பண்ண அதே தப்பு.

பெரும்பாலும் தப்பு வரிசைலதான். முதல்ல தின்னர ஊத்திட்டு அப்புறம் யோசிப்பாங்க. இல்லன்னா முதல்ல பெயிண்ட் அடிச்சிட்டு, ரெண்டு மாசத்துல உரிஞ்சு வந்ததும் கம்பெனிய திட்டுவாங்க. அதனால கீழ இருக்கற வரிசைய மாத்தாதீங்க.

1. முதல்ல அது யாரோட சுவர்னு பாருங்க

உங்க காம்பவுண்டு சுவரோட வெளிப்பக்கமும் உங்களோடதுதான், அத நீங்களே சுத்தம் பண்ணலாம். வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

பஸ் ஸ்டாப், பூங்கா சுவர், தெரு பேர் போர்டு இதெல்லாம் மாநகராட்சி. மெட்ரோ தூண்னா மெட்ரோ நிர்வாகம், ரயில்வே சுவர்னா தெற்கு ரயில்வே. மேம்பாலம் சில இடத்துல மாநகராட்சி, சில இடத்துல நெடுஞ்சாலைத் துறை. இதுல நீங்களா போய் கைய வச்சா நல்லது பண்ணப் போய் நீங்களே பதில் சொல்ற நிலைமை வரும், அதனால புகார் மட்டும் குடுங்க. சென்னைக்கு 1913, இல்லன்னா நம்ம சென்னை ஆப். புகார்ல தெரு பேர், பக்கத்துல இருக்கற அடையாளம், வார்டு நம்பர் மூணும் இருக்கணும். 200 வார்டு இருக்கற ஊர்ல "பெரிய பாலத்துக்கு அடியில"ன்னு மட்டும் எழுதுனா அது எந்த ஆபீசுக்கும் போய்ச் சேராது. புகார் நம்பர மறக்காம எழுதி வச்சுக்கோங்க.

இதுல ஒண்ணு மட்டும் ரொம்ப கறாரா சொல்றேன். தெருவுல இருக்கற மின்வாரிய பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்பார்மர் வேலி, இதுல என்ன ஒட்டியிருந்தாலும் கைய வைக்காதீங்க. போஸ்டர் எடுக்கணும்னாலே தண்ணி ஊத்தணும், அந்தப் பெட்டிமேல தண்ணி ஊத்தறது உயிருக்கு உலை. ஒரு சண்டே எங்க வாலண்டியர் பையன் ஒருத்தன் வாளியோட அங்க போய்ட்டான், ஓடிப்போய் இழுத்துட்டு வந்தோம்.

2. கைய வைக்கிறதுக்கு முன்னாடி போட்டோ

தூரத்துல இருந்து ஒண்ணு, கிட்ட இருந்து ஒண்ணு. போன் நம்பர், அச்சகம் பேர், தேதி தெரியற மாதிரி எடுங்க. போஸ்டர்ல கீழ் ஓரத்துல பொடி எழுத்துல அச்சகம் பேர் இருக்கும், கிழிக்கும்போது முதல்ல போறது அந்த ஓரம்தான்.

அழிச்சிட்டா ஆதாரமும் சேந்து போயிடும். நாளைக்கு புகார் குடுக்கணும்னாலும், இது எத்தனாவது தடவைன்னு காட்டணும்னாலும் இந்தப் போட்டோதான். புதுசா வர்றவங்க பத்துல எட்டு பேர் இத விட்டுட்டு, அப்புறம் சுத்தமா இருக்கற சுவர போட்டோ எடுத்து "இங்கதான் சார் எழுதியிருந்தாங்க"ன்னு காட்டறாங்க.

இங்கயே இன்னொண்ணு. கண்ணீர் அஞ்சலி போஸ்டரா இருந்தா உடனே கிழிக்காதீங்க. 16ம் நாள் காரியம் முடியட்டும், அப்புறம் அமைதியா எடுத்துடுங்க. ரூல் புக்குல இது இருக்காது, ஆனா அதே தெருவுலதான நாமளும் இருக்கணும். ஒருத்தர் போய் மூணு நாளைக்குள்ள அவர் முகத்த பிளேடால சுரண்டறத அவர் பையன் பாத்தா அப்புறம் ஆயுசுக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. கட்சித் தலைவர் படமும் கிட்டத்தட்ட இப்படித்தான், பட்டப்பகல்ல கூட்டம் இருக்கறப்ப கிழிச்சா வேற மாதிரி கதை ஆகும், அது பத்தி கடைசில வரேன்.

3. எதுல எழுதியிருக்குன்னு கண்டுபிடிங்க

இந்த ஸ்டெப்தான் உயிர். ஒவ்வொரு பெயிண்ட்டுக்கும் ஒவ்வொரு மருந்து, மாத்திப் போட்டா கறை உள்ள போய் உக்காந்துக்கும். கீழ் மூலைல, யார் கண்ணுக்கும் படாத ரெண்டு இன்ச் இடத்துல இந்த டெஸ்ட்ட பண்ணுங்க.

முதல்ல ஈரத் துணி. தேச்சா துணில கலர் வந்தா அது சுண்ணாம்பு மேல பவுடர் கலர், இல்லன்னா டிஸ்டெம்பர். கட்சி எழுத்து, சுவர் விளம்பரம் நிறைய இந்த வகைதான்.

தண்ணிக்கு அசையலையா, ஒரு துண்டு பஞ்சுல கொஞ்சூண்டு ஸ்பிரிட். ஊதா, நீலம்னு கரைஞ்சு வந்தா மார்க்கர் பேனா.

அதுக்கும் வரலைன்னா பஞ்சுல தின்னர். கலர் இளகி வந்தா ஸ்ப்ரே பெயிண்ட் இல்ல எனாமல். ஸ்டென்சில் வச்சு அடிக்கிற போர்வெல், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நம்பரெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்.

பஞ்சுல ஒரு சொட்டு, அவ்வளவுதான். சுவர்ல ஊத்தக் கூடாது. நான் முதல் வருஷம் ஒரு சிவப்பு ஸ்ப்ரே எழுத்து மேல அரை லிட்டர் தின்னர துணில தோச்சு தேச்சேன். எழுத்து போச்சு, ஆனா சிவப்பு கரைஞ்சு சிமெண்ட் பூச்சோட பொடி ஓட்டைக்குள்ள எல்லாம் இறங்கி நாலடிக்கு நாலடி ரோஸ் கலர் மேகம் மாதிரி ஆயிடுச்சு. ஆறெழுத்துப் பேர அழிக்கப் போய் முழு சுவருக்கும் பெயிண்ட் அடிச்சோம். செலவு என் கைல இருந்துதான்.

4. சாமான் எல்லாம் ஒரே பெட்டில இருக்கட்டும்

எழுத்த பாத்தப்புறம் கடைக்கு போய் வாங்கிக்கலாம்னு இருந்தா ஒரு வாரம் ஓடிடும். வாட்ச்மேன் ரூம்ல ஒரு பழைய பெயிண்ட் வாளில இதெல்லாம் ரெடியா வைங்க: நாலு இன்ச் பட்டி பிளேடு ரெண்டு, துணி துவைக்கிற பிளாஸ்டிக் பிரஷ், தேங்கா நார், 80 நம்பர் 120 நம்பர் உப்புத்தாள், வேஸ்ட் துணி, ரப்பர் கிளவுஸ், கண்ணாடி, மாஸ்க், சோப்புத் தூள், ஸ்பிரிட் ஒரு சின்ன பாட்டில், ஜெல் டைப் பெயிண்ட் ரிமூவர் ஒரு டின், ஸ்ப்ரே பாட்டில்.

கூடவே உங்க சுவர் கலர்ல ஒரு லிட்டர் எக்ஸ்டீரியர் எமல்ஷன். மிக்ஸிங் கலர்னா டின் மூடி மேல ஷேட் கோட மார்க்கர்ல எழுதி வைங்க. பில்லு தொலையும், மூடி தொலையாது. கோடு இல்லாம "இதே மாதிரி லைட் கிரீம்"னு கடைல கேட்டா கிடைக்கிறது இன்னொரு கிரீம்தான், சுவர்ல அடிச்சதும் பேண்டேஜ் போட்ட மாதிரி தெரியும்.

கம்பி பிரஷ், பாத்ரூம் ஆசிட், காஸ்டிக் சோடா மூணும் பெட்டில வேணாம். கம்பி பிரஷ் பூச்சையே கீறி விடும், அந்தக் கீறல்ல அடுத்த தடவை கறை இன்னும் ஆழமா புடிக்கும். ஆசிட் சிமெண்ட்டையே தின்னும். காஸ்டிக் பெயிண்ட்ட எடுக்கறது நெஜம்தான், ஆனா கண்ணுல ஒரு சொட்டு தெறிச்சா பார்வைக்கே ஆபத்து, சண்டே காலைல வாலண்டியர்ஸ் கைல குடுக்கற பொருள் இல்ல அது.

5. போஸ்டர்: ஊற வைக்கிறதுதான் வேலையே

போஸ்டர் பசை மைதாவ காய்ச்சினது. அது வெந்நீர்ல இளகும், காஞ்ச நிலைல சுரண்டுனா பேப்பர் பாதியும் சுவர் பெயிண்ட் பாதியும் சேந்து வரும். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு ஸ்பூன் சோப்புத் தூள போட்டு, பிரஷ்ல நல்லா நனைச்சு, பத்து நிமிஷம் விட்டு திரும்ப நனைச்சு, இன்னொரு பத்து நிமிஷம் விட்டு அப்புறம் பிளேட சுவரோட படுக்க வச்சு கீழ இருந்து மேல தள்ளுங்க. பிளேட நட்டமா புடிச்சா பட்டி பேந்துடும்.

போஸ்டர் மேல போஸ்டர்னு அட்டை கணக்கா தடிமனா இருந்தா தண்ணி உள்ள போகாது. பிளேடு நுனியால குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு விட்டு அப்புறம் நனைங்க. பளபளன்னு பிளாஸ்டிக் கோட்டிங் இருக்கறதுக்கு மேல்பக்கத்த உப்புத்தாளால ஒரு இழுப்பு இழுத்து விடணும், இல்லன்னா மணிக்கணக்கா ஊற வச்சாலும் வீண். காலைல ஆறு மணிக்கு ஆரம்பிங்க. சென்னை வெயில்ல பத்து மணிக்கு மேல நனைச்சது நனைச்சதாவே இருக்காது, நீங்க பிரஷ்ஷ கீழ வைக்கறதுக்குள்ள காஞ்சிடும்.

பேப்பர் போனதும் வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க, அதான் இங்க பெரிய தப்பு. சுவர்ல வழவழன்னு பசை மிச்சம் இருக்கும், அதுல தூசி ஒட்டி பத்து நாள்ல கருப்பா கட்டம் கட்டமா தெரியும், அதுமேல பெயிண்ட் அடிச்சாலும் பிடிக்காது. நல்ல தண்ணில தேங்கா நார் போட்டு கழுவி, கைய வச்சு பாத்து வழவழப்பு போற வரைக்கும் விடாதீங்க.

சுரண்டுன பேப்பர ரோட்டோரமா குவிச்சு வச்சுட்டு போகாதீங்க. நம்மூர் மாடு போஸ்டர் திங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா பசை கெடாம இருக்க மயில்துத்தம் கலக்கறவங்க உண்டு, அது விஷம். மழைநீர் வடிகால்ல போனா அங்க அடைச்சுக்கும். சாக்குல கட்டி குப்பை வண்டிக்கு குடுத்துடுங்க.

6. சுண்ணாம்பு எழுத்து, ரிசர்வ் கட்டம்

கட்சிக்காரங்க வேலை எப்படின்னா, முதல்ல சுவர்ல ஒரு பெரிய கட்டத்துக்கு வெள்ளை அடிப்பாங்க, ஓரத்துல கட்சி பேரும் "ரிசர்வ்"ன்னும் எழுதிட்டு போயிடுவாங்க. மெயின் எழுத்து வர இன்னும் வாரமோ மாசமோ ஆகலாம். அதனால அந்த வெள்ளைக் கட்டத்த பாத்த அன்னிக்கே அழிக்கறதுதான் லாபம். எழுத்து வந்தப்புறம் அது "அண்ணன் பேர அழிச்சிட்டாங்க"ன்னு ஆகும், வெறும் வெள்ளையா இருக்கறப்ப யாருக்கும் கோவம் வராது.

அழிக்கிறது ஈஸி. நனைச்சு, பிளேடால சுரண்டி, பிரஷ் போட்டு கழுவுங்க. ஆனா இங்கதான் எல்லாரும் ஒரே பள்ளத்துல விழறாங்க: சுண்ணாம்பு மேலயே நேரா எமல்ஷன் அடிக்கிறது. எமல்ஷன் சுண்ணாம்ப புடிச்சுக்கும், சுண்ணாம்பு சுவர புடிச்சுக்காது. மழைல ஊறி வெயில்ல காஞ்சதும் ரெண்டும் சேந்து அப்பளமா பேந்து விழும். உள்ளங்கைய சுவர்ல தேச்சா கைல வெள்ளை மாவு ஒட்டக் கூடாது, அது வரைக்கும் சுரண்டணும்.

7. எனாமல், ஸ்ப்ரே, மார்க்கர்

இதுல முதல் கேள்வி, அழிக்கறதா மூடறதா? என் அபிப்பிராயம், பெயிண்ட் அடிச்ச சாதா சிமெண்ட் சுவர்னா அழிக்க மெனக்கெட வேணாம், மூடிடுங்க. கெமிக்கல் வேலை டைல்ஸ், கிரானைட், இரும்பு கேட் இதுக்கு மட்டும். எங்க சுவர்ல ரெண்டையும் செஞ்சு பாத்துட்டுதான் சொல்றேன், சுவர்ல கெமிக்கல் போட்ட இடத்துல எல்லாம் கடைசில பெயிண்ட்டும் அடிக்க வேண்டி வந்துச்சு.

மூடறதுக்கும் முறை இருக்கு. எனாமல் பளபளப்பா இருக்கும், அதுமேல எமல்ஷன் நிக்காது. 80 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு போற வரைக்கும் தேய்ங்க, தூசிய ஈரத் துணில தொடைங்க, நல்லா காயட்டும். அப்புறம் சால்வென்ட் டைப் சிமெண்ட் பிரைமர் ஒரு கோட். வாட்டர் பிரைமர் இங்க வேணாம். மார்க்கரும் சிவப்பு ஸ்ப்ரேவும் வாட்டர் பிரைமர்ல கரைஞ்சு மேல வந்துடும், நீங்க ரெண்டு கோட் அடிச்சாலும் மறுநாள் காலைல அதே பேர் மங்கலா சிரிக்கும். நாலு கோட் எமல்ஷன் அடிச்சவங்கள எனக்கு தெரியும், நாலாவது கோட்லயும் தெரிஞ்சுதாம்.

பிரைமர் அடிச்சு மறுநாள் பாருங்க. எழுத்து மேல வரலைன்னா மட்டும் எமல்ஷன். வந்திருந்தா இன்னொரு கோட் பிரைமர். அவசரப்பட்டு அன்னிக்கே முடிக்கணும்னு நெனைக்காதீங்க.

கெமிக்கல் போட்டே ஆகணும்னா தண்ணியா இருக்கற தின்னர விட ஜெல் ரிமூவர் எடுத்துக்கோங்க. ஜெல் வழியாது, உள்ளயும் அவ்வளவா இறங்காது, எழுத்து மேலயே உக்காந்து வேலை பாக்கும். டின்ல போட்டிருக்கற நேரம் விட்டு, பிளாஸ்டிக் பிளேடால வழிச்சு எடுத்து, அப்புறம் சோப்புத் தண்ணி. ஓரத்துல இருந்து நடுப்பக்கமா வழிங்க, நடுவுல இருந்து ஓரத்துக்கு இழுத்தா கறை பெருசாகும். வெயில் நேரடியா அடிக்கிற சுவர்ல வேணாம், காஞ்சு போய் அதையே சுரண்டற மாதிரி ஆகும். கிளவுஸ், கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். பக்கத்துல யாரும் பீடி சிகரெட் பத்த வைக்கக் கூடாது, தொடச்ச துணிய வடிகால்ல போடக் கூடாது.

பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. பழைய பூச்சுக்கு வேணாம், எழுத்துக்கு முன்னாடி பூச்சு போயிடும். டைல்ஸுக்கும் நல்ல கான்கிரீட்டுக்கும் ஓகே, நாசில தூரமா புடிச்சு ஆரம்பிங்க.

8. டைல்ஸ், இரும்பு, போர்டு, கல்லு

டைல்ஸ்ல தின்னர் தைரியமா போடலாம், டைல்ஸ் குடிக்காது. நடுவுல இருக்கற ஜாயிண்ட் மட்டும் குடிக்கும், அங்க பஞ்சு வச்சு கவனமா தொடைங்க. கிரானைட்ட பாலிஷ் பாத்து ஓரத்துல டெஸ்ட் பண்ணிட்டு பண்ணுங்க. மார்பிள்ல ஆசிட் பட்டா முடிஞ்சுது, பாலிஷ் அரிச்சு போயிடும்.

இரும்பு கேட்ல ஒட்டுன ஸ்டிக்கர ஹேர் டிரையர்ல சூடு காட்டி உரிங்க, மிச்ச கோந்துக்கு தேங்கா எண்ணெய் தடவி பத்து நிமிஷம் விட்டா துணில வந்துடும். இத சுவர்ல பண்ணிடாதீங்க, எண்ணெய்க் கறை அதுக்கு மேல.

தெரு பேர் போர்டு, டிராபிக் போர்டு மேல இருக்கற மினுமினு ஃபிலிம் ராத்திரி லைட் பட்டா மின்னறதுக்காக. தின்னர் பட்டா அந்த ஃபிலிம் கெட்டுப்போய் ராத்திரில போர்டே தெரியாது. முதல்லயே சொன்ன மாதிரி 1913க்கு சொல்லிடுங்க.

பழைய கோயில் சுவர், புராதனச் சின்னம், இதுல பேர் கிறுக்கியிருந்தா மனசு கொதிக்கும், தெரியும். ஆனா தொடாதீங்க. சோப்போ ஆசிட்டோ கல்ல அரிக்கும், மணல் பீச்சி சுத்தம் பண்ணா கல்வெட்டு எழுத்தே தேஞ்சு போகும். தொல்லியல் துறைக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ சொல்லுங்க. மாமல்லபுரம் மாதிரி மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கற சின்னத்துல கிறுக்குனா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் கிடைக்கலாம். டூர் கூட்டிட்டு போற வாத்தியாருங்க இத பஸ்லயே பசங்ககிட்ட சொல்லிட்டா நல்லது.

9. திரும்ப பெயிண்ட்: தூணுக்குத் தூண்

எழுத்து இருந்த இடத்துக்கு மட்டும் சதுரமா ஒரு பேட்ச் அடிக்காதீங்க. அந்தச் சதுரம் தனியா பளிச்சுன்னு தெரியும், "இங்க எழுதுங்க"ன்னு சிலேட் மாட்டி வச்ச மாதிரி. எங்க சுவர்ல போட்ட பேட்ச்சுக்கு நடுவுலயே கரெக்டா அடுத்த நம்பர ஸ்டென்சில் அடிச்சான் ஒருத்தன், சென்டர் பாத்து!

தூண்ல இருந்து அடுத்த தூண் வரைக்கும், மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பேனல் முழுசா அடிங்க. தூணோட ஓரத்துல கலர் மாறுனா கண்ணுக்கு தெரியாது.

கணக்கு சொல்றேன். எக்ஸ்டீரியர் எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் சுமாரா 50, 60 சதுர அடி வரும். பத்தடி பேனல், அஞ்சடி உயரம்னா 50 சதுர அடி, அதான் பெட்டில ஒரு லிட்டர் வைக்கச் சொன்னேன். எங்க முழு சுவரும் 400 சதுர அடி, எட்டு லிட்டர் ஆச்சு.

கழுவுன அன்னிக்கே அடிக்காதீங்க, ஒரு நாள் காயட்டும். ஐப்பசி கார்த்திகை மழைல இந்த வேலையே வேணாம், ஈரச் சுவர்ல அடிச்சா கொப்புளம் கிளம்பும், அப்போதைக்கு சுரண்டிட்டு விட்டுட்டு தை பொறந்ததும் அடிங்க. புதுசா பூசுன சுவர்னா 28 நாள் பொறுக்கணும்.

10. திரும்ப வராம இருக்க

இதுக்கு பெரிய ரகசியம்லாம் ஒண்ணும் இல்ல, சீக்கிரம் அழிக்கிறதுதான். ஒட்டறவன் கூலிக்கு ஒட்டறான், எழுதறவன் நாலு பேர் பாக்கணும்னு எழுதறான். காலைல ஒட்டுனது சாயங்காலம் இல்லன்னா அவனுக்கு பசையும் நஷ்டம், ராத்திரி தூக்கமும் நஷ்டம். நியூயார்க் சப்வேல 1984ல இருந்து 1989 வரைக்கும் இததான் பண்ணாங்க, ஒரு தடவை சுத்தம் பண்ண ரயில் பெட்டில திரும்ப கிறுக்கல் விழுந்தா அழிக்கிற வரைக்கும் அந்தப் பெட்டிய ஓட்ட மாட்டாங்க, கிறுக்குனவன் தன் பேரு ஊர் சுத்தறத பாக்கவே முடியாது. எங்களுக்கு ரூல் 24 மணி நேரம். காலைல பால் வாங்கப் போறவங்க யார் பாத்தாலும் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போடணும், அந்த வாரம் யார் முறையோ அவங்க பெட்டியோட இறங்கணும். முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ஓடுனோம், அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு.

அடுத்தது வெளிச்சம். தெருவிளக்கு எரியலைன்னா முதல்ல அதுக்கு புகார் குடுங்க. சுவர் மேல ஆள் வந்தா எரியற சென்சார் லைட் ரெண்டு போட்டோம், எப்பவும் எரியற லைட்ட விட திடீர்னு எரியற லைட்டுக்குதான் ஆள் பயப்படறான். கேமராவ நம்பி இருக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெல்மெட் போட்டவன் முதுகு தெரியும், அவ்வளவுதான்.

இடம் இருந்தா செடி. சுவர் ஓரமா ரெண்டடி மண்ணு இருந்தா காகிதப்பூ வைங்க, முள்ளுக்கு பயந்து யாரும் கிட்ட வர மாட்டாங்க. நடைபாதை பக்கம் முள்ளு நீட்டாம வெட்டி விடணும், இல்லன்னா நடக்கறவங்க சாபம் உங்களுக்கு.

கோட்டிங் விக்கறவங்க வருவாங்க, அதுல ரெண்டு வகை. ஒண்ணு மெழுகு மாதிரி, எழுத்தோட சேத்து அதையும் கழுவி எடுத்துட்டு திரும்ப அடிக்கணும். இன்னொண்ணு ரெண்டு டின் கலந்து அடிக்கிற பி.யு. (பாலியூரித்தேன்) கோட்டிங், அதுமேல ஸ்ப்ரே அடிச்சாலும் ரிமூவர்ல தொடச்சிடலாம், பல தடவை தாங்கும், விலை ஜாஸ்தி. அடில ஈரம் ஏறுற பழைய சுவர்னா ரெண்டாவது வகை வேணாம், உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழியில்லாம கோட்டிங்க தூக்கிட்டு வந்துடும். டைல்ஸும் கிரானைட்டும் ஒட்ட வசதி இருக்கறவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல.

அப்புறம் அந்த "விளம்பரம் செய்யாதீர்". மூணடி எழுத்துல எழுதி நாமளே நம்ம சுவர அசிங்கம் பண்ணிக்கறோம், ஒட்டறவன் அந்த எழுத்து மேலயே ஒட்டிட்டு போறான். எழுதறதுன்னா கேட் பக்கத்துல சின்ன போர்டு ஒண்ணு போதும்.

11. படம் வரையலாமா

வரையலாம், ஆனா எல்லாரும் நெனைக்கிற மாதிரி அது மந்திரம் இல்ல. சென்னை கண்ணகி நகர்ல 2020ல குடியிருப்பு பிளாக் சுவர் பூரா பெரிய பெரிய படமா வரைஞ்சாங்களே, அத பாத்துட்டு எங்க ஆளுங்களும் ஆசைப்பட்டாங்க. அங்க படம் மாடி உயரத்துக்கு நிக்குது, எந்த பசை வாளியும் அவ்வளவு உயரம் எட்டாது. நம்ம காம்பவுண்டு கை எட்டற உயரம். மெயின் ரோட்டு சுவர்ல வரைஞ்ச படத்து மேலயே போஸ்டர் ஒட்டியிருக்கறத நீங்களும் பாத்திருப்பீங்க.

வரையறதா முடிவு பண்ணா மேல சொன்ன சுரண்டல், பிரைமர், பேஸ் கோட் எல்லாம் முடிச்சிட்டு வரைங்க. அடியில ஒரு அடி உயரத்துக்கு அடர் கலர் பட்டையா விட்டுடுங்க, மழைச் சேறும் நாயும் படத்த கெடுக்காம இருக்கும். தலைவர் படம், சாமி படம் வேணாம்னு நான் கறாரா இருக்கேன், அது கெட்டுப் போச்சுன்னா அழிக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. தெருப் பசங்கள வச்சு வரைங்க, அவங்க வரைஞ்சத அவங்களே காவல் காப்பாங்க. வரைஞ்ச கலர்ல மிச்சத்த டப்பால போட்டு வச்சுக்கோங்க, ரிப்பேருக்கு அதான். பொது சுவர்னா மாநகராட்சி அனுமதி கைல வாங்கிட்டு ஆரம்பிங்க.

12. ஒட்டுனவங்க கிட்ட எப்படி பேசறது

விளம்பரம்னா அதுலயே நம்பர் இருக்கு, போன் போடுங்க. கத்தாதீங்க. "சார், எங்க சுவர்ல உங்க நம்பர் இருக்கு, போட்டோ இருக்கு, ரெண்டு நாள்ல ஆள் அனுப்பி அழிச்சுக் குடுங்க, இல்லன்னா புகார் குடுக்கறோம்." அவ்வளவுதான். பாதி பேர் அடுத்த தடவை நம்ம சுவர விட்டுடறாங்க. பாதி பேர் போன எடுக்கறதில்ல, அவங்களுக்கு அடுத்த ஸ்டெப்.

பொது இடங்கள அலங்கோலப்படுத்தறத தடுக்க தமிழ்நாட்டுல 1959ல இருந்தே தனிச் சட்டம் இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல எழுத்துல புகார் குடுத்து, புகார் வாங்கிக்கிட்டதுக்கு அவங்க குடுக்கற சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க, போட்டோவ பிரிண்ட் போட்டு பின் பண்ணுங்க. ஒரு தடவைக்கு போனா பெருசா கண்டுக்க மாட்டாங்க, ஒரே நம்பர் நாலு தடவை, நாலு தேதின்னு காட்டுனா பேச்சு மாறும்.

கட்சி எழுத்துன்னா அந்தக் கட்சியோட வட்டச் செயலாளர நேர்ல பாத்து மரியாதையா சொல்றது நல்லா வேலை செய்யுது. "அண்ணே, பெரியவங்க இருக்கற பிளாட், வெள்ளை அடிச்சு கஷ்டமா இருக்கு, இந்தச் சுவர மட்டும் விட்டுடச் சொல்லுங்க"ன்னா பெரும்பாலும் விட்டுடறாங்க. ஒரு கட்சிக்கு விட்டுட்டு இன்னொரு கட்சிய மட்டும் அழிச்சா மட்டும் உங்கள யாராலயும் காப்பாத்த முடியாது, எல்லாத்தையும் அழிங்க, இல்லன்னா எல்லாத்தையும் விடுங்க.

தேர்தல் நேரம்தான் உங்களுக்கு சரியான நேரம். தேதி அறிவிச்சதுல இருந்து அரசு கட்டடத்துல 24 மணி நேரத்துல, பொது இடத்துல 48 மணி நேரத்துல, தனியார் சுவர்ல அனுமதியில்லாம இருக்கறத 72 மணி நேரத்துல எடுக்கணும்னு தேர்தல் கமிஷன் விதி. எடுக்கலைன்னா தேர்தல் கமிஷனோட புகார் ஆப் சி-விஜில்ல போடுங்க, 100 நிமிஷத்துல நடவடிக்கைன்னு வச்சிருக்காங்க. ஆனா கேலரில இருக்கற பழைய போட்டோவ அது ஏத்துக்காது, சுவர் முன்னாடி நின்னு அந்த ஆப்லயே எடுக்கணும்.

13. ஒரு நோட்டு

கடைசியா நாப்பது பக்க நோட்டு ஒண்ணு அந்தப் பெட்டிக்குள்ளயே. தேதி, எந்த பேனல், என்ன ரகம், எதால அழிச்சோம், எத்தனை மணி நேரத்துல. ஒரு வருஷம் எழுதுனா எந்த பேனல்ல அடிக்கடி விழுதுன்னு தெரியும். எங்களுக்கு எட்டு பேனல்ல மூணாவதும் நாலாவதும்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு, போய் பாத்தா அங்கதான் தெருவிளக்கு மரக்கிளைல மறைஞ்சிருந்துச்சு. கிளைய கழிக்கச் சொல்லி 1913ல சொன்னோம், கழிச்சாங்க, நாலாவது பேனல் நின்னுடுச்சு. மூணாவது இன்னும் வருது, அதுக்கு நேர் எதிர்லதான் பஸ் நிக்குது, அங்க இந்த வருஷம் டைல்ஸ் ஒட்டறதா முடிவாகியிருக்கு.